அடுத்த தடம்

உலகத்துக்கு உன் முகம் தெரியும், டெல்வீனா.
நாசாவ் விமான நிலையச் சுவரில்
பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய்.
எனக்குத் தெரிந்தது உன் முதுகு.
இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம்,
வேர்த்தால் மினுங்கும்.
பதினெட்டு வருஷம்
அதைத் துரத்தித்தான் ஓடினேன்.

எலூதெராவில் நம் பள்ளிக்குப் புல்தரைதான்.
கோடு போடச் சுண்ணாம்பு
தபால் படகில் வரவேண்டும்.
வராது.
துறைமுகத்தில் கழிவு எண்ணெய் வாங்கிவந்து
புல்லைக் கருக்கி இழுத்தார்கள் ஆறு தடங்கள்.
ஐந்தில் நீ. ஆறில் நான்.
என் தடத்தில் ஒரு நண்டு வளை.
முதல் தடவை தோற்றதற்கு
அதைத்தான் காரணம் சொன்னேன்.
பிறகு வந்த ஊர்களின் தரையிலெல்லாம்
வளையே இல்லை.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நீ ஓடிய நூறு மீட்டர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
மொத்தமாகக் கூட்டினாலும்
நாற்பது நிமிஷம் தேறவில்லை.
ஒரு பானை துவரைச் சோறு
வேகிற நேரம்.
மிச்சமெல்லாம்
லப்பக் நகரத்துப் புழுதிக் காற்றில்
வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது,
பனிக்கட்டித் தொட்டியில்
இடுப்பளவு உட்கார்ந்து
கெட்ட வார்த்தையாய்ப் பாடியது,
அம்மா இறந்த செய்தியை
நாலாவது சுற்று முடித்த பின் படித்தது.

கோத்தன்பர்க்கில் நான் அரையிறுதியோடு சரி.
உன் பையை மடியில் வைத்துக்கொண்டு
பயிற்சித் திடலில் உட்கார்ந்திருந்தேன்.
சுவருக்கு அப்பால் ஒரு கூச்சல் எழுந்து
என் மேல் விழுந்தது.
பத்து புள்ளி எட்டு ஏழு.
உன் பையில் பாதி தின்ற வாழைப்பழம்.
மீதியை நான் தின்றேன்.

ஊர் திரும்பினோம். மாட்டுமணி, ஆட்டுத்தோல் மேளம்,
மந்திரியின் தொப்பி, மந்திரியின் பேச்சு.
கடலோரச் சாலைக்கு உன் பெயர் வைத்தார்கள்.
அதில் அன்று இருந்த குழி
இன்றும் இருக்கிறது.

சூரிக்கைப் பற்றி நாம் பேசியதில்லை.
எண்பதாவது மீட்டரில்
யாரோ பின்னாலிருந்து சுட்டதுபோல்
தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய்.
நான் நிற்கவில்லை.
ஓடி முடித்து, கடிகாரத்தில்
என் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான்
திரும்பி வந்தேன்.
சொல்லிவிட்டேன்.

கடைசியாக நாசாவ், தேசியத் தேர்வு.
உனக்கு முப்பத்து நான்கு, எனக்கும் அதுதான்.
அறுபது மீட்டர் தாண்டியதும்
என் முன்னால் மச்சம் இல்லை, முதுகு இல்லை,
வெறும் சிவப்புத் தரை
எங்கோ போய்க்கொண்டிருந்தது.
ஓடுகிறவள் செய்யவே கூடாததைச் செய்தேன்.
திரும்பிப் பார்த்தேன்.
அந்த ஒரு திருப்பத்தில் மூன்று சின்னப் பெண்கள்
என்னைக் கடந்து போனார்கள்.
நான்காவது.
நீ ஏழு.

இப்போது நீ சுங்கத்துறையில்.
கோழி முட்டைக்கும் ஜெனரேட்டருக்கும் முத்திரை குத்துகிறாய்.
நேற்று மதியம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து
சங்குப் பொரியல் தின்றுகொண்டிருந்தோம்.
நீயாகத்தான் ஆரம்பித்தாய்:
“நீ மூச்சு விடுவது
ரம்பம் இழுப்பது போலிருக்கும்.
அதற்குப் பயந்துதான்டி
அத்தனை வருஷமும் ஓடினேன்.
அன்றைக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.
எதற்கு ஓடுகிறோம் என்றிருந்தது.”

எண்ணெய் விரலைச் சப்பினாய்.
நான் சூரிக்கைச் சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் தபால் படகு ஊதியது.
இருவர் குதிகாலும் ஒரே கணத்தில்
தரையை விட்டு எழும்பின.
பிறகு சிரித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு
எழுந்து நடந்தோம்,
நீ என்னைவிட மெதுவாக.

படகிலிருந்து இறங்கியவை:
சிமெண்ட், வெங்காயம், ஒரு சவப்பெட்டி,
யாருக்கோ சைக்கிள்.
பட்டியலை இரண்டு தடவை பார்த்தாய்.
சுண்ணாம்பு வரவில்லை.